மிஷின் சத்தத்தைப் பொறுத்துக்குங்க

– அதை நிறுத்து சாமி. நிறுத்திப்போட்டு அந்த ஸ்டூலை இழுத்துக்கிட்டு இப்பிடிக் கிட்ட வா. இது எங்கூட்டுப் பாட்டு இல்லை. ஏன் இல்லைங்கறதுக்கு ஒரு கதை இருக்குது. சொல்றேன், காதைக் குடு.

– உங்க பாட்டுதாம்மா இது. அக்கா கொண்டாந்து குடுத்த கேசட்டுல இருந்ததுதான். அதாவதும்மா, அழுக்கு வேட்டியைத் தொவச்சுக் குடுத்த மாதிரி. வேட்டி அதேதான்.

– கதையெல்லாம் இப்ப வேண்டாம்மா. விடிஞ்சாப் புது ஊட்டுல பால் காச்சோணும். பந்தக்காரன் போன் மேல போன் அடிக்கறான். அன்பரசு அண்ணா, நீங்க பென் டிரைவுல ஏத்திக் குடுங்க, நாங்க கெளம்பறோம்.

– சித்த இரு தனப்பிரியா. திருச்செங்கோட்டுல இருந்து பஸ் மாறி வந்து எறங்குனவளுக்கு ஒரு வாய் பேசக்கூட உங்க அயோத்தியாப்பட்டணத்துல வழியில்லையா. ஏன் சாமி, இந்தப் பாட்டுல ஒரு சத்தம் இருந்துச்சே, அது எங்க போச்சு?

– அதைத்தாம்மா எடுத்துட்டன். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே இரைச்சல். மாவு மில்லுக்குள்ள உக்காந்து பாடுன மாதிரி இருந்துச்சு. அக்காதான் சுத்தமா எடுத்துரச் சொன்னாங்க.

– ஆமா, நாந்தான் சொன்னேன். என்ற கல்யாணத்துல இதைப் போட்டப்ப என்ன ஆச்சுன்னு கேளுங்கண்ணா. ஆத்தூர்ல இருந்து வந்த மாமியார் ஊட்டு ஒறம்பரை பூரா, மண்டபத்துக்குப் பின்னால ஜெனரேட்டர் ஓடுதாக்கும்னு எட்டி எட்டிப் பாத்தாங்க. அதோட வுட்டானா எங்கண்ணன்? எல்லாரும் பாக்க எந்திரிச்சு நின்னு, கையைக் கும்பிட்டு, "மிஷின் சத்தத்தைப் பொறுத்துக்குங்க, பாட்டை மட்டும் எடுத்துக்குங்க"ங்கறான். இன்னைக்கு வரைக்கும் எங்கூட்டுல மிக்ஸி போட்டாப் போதும், மாமனார் கையைக் கும்பிட்டுட்டு வந்து நிக்கறாரு.

– அது தனபாலு சொல்லு இல்லை அம்மிணி. உங்கப்பன் சொல்லு. அவிய இருக்கறமுட்டும் அவிய சொன்னாங்க. போன பொறவு உங்கண்ணன் சொல்றான். பாட்டைப் போடறதுக்கு முன்னால அதைச் சொல்றது நம்மூட்டு வழக்கம்.

– சத்தம் இல்லாட்டி யாரும் பொறுத்துக்கவும் வேண்டாம், அண்ணன் எந்திரிக்கவும் வேண்டாம். அதுக்குத்தான் அண்ணாகிட்டக் குடுத்தேன்.

– அது என்ன மிஷினும்மா?

– போர் லாரிக் கம்ப்ரசரு சாமி. காத்தைப் புடிச்சு அழுத்திக் குடுக்கற மிஷினு. எங்கண்ணன் சின்னுசாமி ரிக்கு, அதான் அந்தப் போர் லாரி, வெச்சிருந்தாரு. எங்கூட்டுக்காரரு அதுல டிரில்லரு. வருசத்துல முக்காவாசி வடக்கதான் கெடப்பாங்க.

– அப்பா பேரு கருப்பண்ணனுங்கண்ணா. அது அம்மா வாயில வராது, நாந்தான் சொல்லோணும்.

– வாயி இருக்கறவ நீ சொல்லிக்க. கேளு சாமி. மராட்டியத்துல பீட் ஜில்லான்னு ஒன்னு இருக்குதாம். கல்லும் முள்ளுமாக் கெடக்கற சீமை. அங்க மழை தப்பிப்போன வருசம் எங்க ரிக்கு ஒரு ஊருக்குப் போச்சு. அந்த ஊர்ல கோதாபாயின்னு ஒரு பாட்டுக்காரம்மா. வயசானவிய. அந்தம்மாவும் தங்கச்சியுமா ராசா வூட்டுச் சபையிலெல்லாம் பாடுனவியளாம். அக்கா பாட, தங்கச்சி முதுகுக்குப் பின்னால உக்காந்து தம்புராவை மீட்டிக்கிட்டே இருக்குமாம். தங்கச்சி செத்துப்போச்சு. அன்னையோட அந்தம்மா பாட்டை வுட்டுருச்சு. தம்புராவைச் சீலையில சுத்தி உத்தரத்துல கட்டித் தொங்கவுட்டுட்டு, "முதுகுக்குப் பின்னால ஆளு இல்லாம எப்பிடிப் பாடறது"ன்னு சொல்லிருச்சாம்.

– எனக்கு அது புரியுதும்மா. நம்ம கோயில்ல நாயனம் வாசிக்கறவரு பக்கத்துல ஒத்து ஊதறவரு ஒருத்தரு நிப்பாரு பாருங்க. ஒரே சொரத்தைக் கன்னம் உப்ப ஊதிக்கிட்டே இருப்பாரு. அவரு மொகத்தை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ஆனா அவரு நிறுத்திட்டா நாயனம் நொண்டும். மைக்கு வெக்கறவனுக்கு அது நல்லாத் தெரியும்.

– அதேதான் சாமி. அந்தம்மா வாசல்லதான் எங்க ரிக்கு போர் போட்டுச்சு. ராடு மேல ராடு எறங்குது, புழுதிதான் வருது. அப்ப அந்தம்மா வெளிய வந்துச்சாம். சத்தத்துக்குத் திட்டப் போகுதுன்னு பசங்க ஒதுங்கி நின்னாங்களாம். அந்தம்மா திட்டலை. கம்ப்ரசர்கிட்ட வந்து, கண்ணை மூடிக்கிட்டு, ஒரு கையைக் காதோட வெச்சுக்கிட்டு, பாட வாயெடுத்துச்சாம். எங்கூட்டுக்காரரு ஓடிப்போய் லாரியில இருந்த டேப்பை எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடியில உக்காந்து அமுக்கிப் புடிச்சாங்க. கேசட்டு ஒரு பக்கம் தீர்றமுட்டும் அந்தம்மா நிறுத்தவே இல்லை.

– தண்ணி வந்துச்சாம்மா?

– வரலை சாமி. போரு பெயிலு.

– இதைத்தான் நான் வெளிய சொல்லவே மாட்டேனுங்கண்ணா. பெயிலான போரைப் பத்தி ரிக்குக்காரங்க நல்ல நாள்ல வாயே தொறக்க மாட்டாங்க. அந்த ஊருப் பேரைச் சொன்னாக்கூட எங்க மாமன் எச்சித் துப்புவாரு. எங்கூட்டுல என்னடான்னா அந்தப் போர்ல புடிச்ச பாட்டைப் போட்டுத்தான் புது ஊட்டுல பால் காச்சறது, கல்யாணத்துல பொண்ணு உள்ள வாரது, எல்லாம்.

– எங்கண்ணன் அதுக்கு எத்தனை சண்டை போட்டாரு தெரியுமா. "காஞ்ச போருப் பாட்டை ஊட்டுக்குள்ள போடாதீங்க மாப்ள"ம்பாரு. அவிய ஒத்துக்கவே இல்லை. "தண்ணி இல்லைன்னு தெரிஞ்ச பொறவும் அந்தம்மா எங்களை உக்கார வெச்சுச் சோறு போட்டா. கொடத்துல இருந்த தண்ணியைத் தூக்கி எங்க கைக்கு ஊத்துனா. காஞ்ச ஊட்டுல இருந்துக்கிட்டு அப்பிடிப் பாடறதுக்கு ஒரு மனசு வேணும். நம்மூட்டுல தண்ணி இருக்குது, கேக்கவாச்சும் கேப்போம்"பாங்க.

– நல்ல மனுசரும்மா.

– நல்ல மனுசன்தான். ஆனா நான் ஒரு மாசம் அவியகூடப் பேசலை.

– ஏம்மா?

– சிரிக்காதே சாமி. வடக்க போன ஆம்பளைங்க திரும்பி வாரப்ப சீலை கொண்டாருவாங்க, பவுனு கொண்டாருவாங்க. இவிய ஒரு பொம்பளைக் குரலைக் கொண்டாந்தாங்க. கொண்டாந்து, ஊட்டு நடுவுல வெச்சுப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் சும்மா இருப்பனா? "ஆரு இவ?"ன்னு கேட்டேன்.

– அந்தம்மாவுக்கு அப்பவே எழுவதுக்கு மேலன்னு அப்பா சொன்னாரேம்மா.

– குரல்ல தெரியுதா எழுவது? நீயே சொல்லு சாமி, நீ கேட்டீல்ல.

– தெரியலம்மா. நெசமாத்தான் சொல்றன். நான் என்னமோ பதினெட்டு, இருபது வயசுப் பொண்ணுன்னு நெனச்சன். நடுவுல ஒரு எடத்துல மூச்சு வாங்குது பாருங்க, அங்கதான் வயசானவங்கன்னு புடிபட்டுச்சு. இன்னொன்னு சொல்லட்டுமா? வேலைக்குன்னா ஒருதரம் கேட்டாப் போதும். நேத்துப் பொழுதுக்கும் கம்ப்யூட்டர்ல இதையேதான் ஓடவுட்டன். எனக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது, ராகமும் தெரியாது. மாரியம்மன் பண்டிகைக்கு ஸ்பீக்கர் கட்டறவன். ஆனா டீ வாங்கி வச்சது ஆடை கட்டிப்போச்சு. எங்கூட்டுல ரஞ்சிதா சோத்தை வச்சுட்டு, "என்னா, வடநாட்டுப் பொம்பளையோட குடித்தனம் நடத்தறியா?"ன்னு கேட்டுட்டுப் போவுது.

– பாரு, நான் மட்டும் இல்லை. உன்ற பொண்டாட்டிக்கும் அதே கடுப்பு.

– அப்பறம் எப்படிம்மா உங்களுக்குக் கோவம் போச்சு?

– அவிய திரும்ப வடக்க போயிட்டாங்க. ஒருநாள் துணி தொவச்சுக்கிட்டிருந்தேன். அப்பிடி என்னதான் பாடறான்னு பாக்கலாம்னு போட்டேன். சேலையைப் புழிஞ்சு கையில வெச்சிருக்கேன், கொடியில போடோணும். போடலை. அந்தம்மா ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்றா சாமி. அதை இந்தப் பக்கம் வெச்சுப் பாக்கறா, திருப்பி அந்தப் பக்கம் வெச்சுப் பாக்கறா. நம்ம கையில குடுக்கற மாதிரி நீட்டறா, குடுக்காம மறுக்க எடுத்துக்கறா. கடைசியில குடுத்துப்போடறா. குடுத்தப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்ன குடுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

– அந்த எடம் எனக்குத் தெரியும்மா. மேல போவாம அங்கயே நின்னு சுத்துவாங்க. சுத்திட்டு, திடீர்னு கதவைத் தொறந்த மாதிரி ஒரு எறக்கம்.

– அதுதான். அன்னைக்கே என்ற கோவம் போச்சு. அவியகிட்டச் சொல்லலை. சொன்னா எளக்காரமாப் போயிருமில்ல.

– ரெண்டு பேரும் பாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சா விடிஞ்சுரும். நான் கையைக் கழுவிட்டு வாரேன். நீங்க வாங்கிக் குடுத்த போண்டா எண்ணெய் பிசுபிசுங்குது. பைப்பு எங்கீங்கண்ணா?

– அந்த ஓரத்துலக்கா. நல்லாத் திருகுங்க, கொஞ்சம் ஒழுவும்.

– அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம் சாமி. பாரு, பைப்பை மூடறதை மட்டும் பாரு. மூடறா. ஒரு மயிரளவு தொறக்கறா. மறுக்க மூடறா. அப்பிடியே அவங்கப்பன். எங்கூட்டுல எந்தப் பைப்பும் ஒரே தடவையில மூடுனதா சரித்திரமே இல்லை.

– ஒரே திருகா மூடுனா வாசர் தேஞ்சுருமாம். அப்பா சொல்லுவாரு. நீ வேணும்னா போய்ப் பாரும்மா, இப்ப ஒரு சொட்டு ஒழுகாது.

– ஆமாங்க்கா, நின்னு போச்சு. நாலு மாசமா ஒழுவுனது.

– சரி சாமி. கதை கேட்டுட்டே. நீ தொவச்சுக் குடுத்ததும் நல்லாத்தான் இருக்கும், நான் கொறை சொல்லலை. இவ அதையே போட்டுக்கட்டும், இவ ஊடு. அந்தப் பழைய கேசட்டை என்ற கையில குடுத்துரு. நான் கொண்டுபோய் வெச்சுக்கறேன்.

– அதாவதும்மா...

– என்ன சாமி.

– கேசட்டு போச்சும்மா.

– போச்சுன்னா?

– நாடா நைஞ்சு போயிருந்துச்சு. ஒருதரம்தான் ஓடுச்சு. அதுல கம்ப்யூட்டருக்குள்ள ஏத்திட்டன். சரி பாக்கலாம்னு ரெண்டாந்தரம் போட்டன், பொடிப்பொடியா உதுந்து அறுந்துருச்சு. இந்தக் கவர்ல இருக்குது பாருங்க. ஒட்டிப் பாத்தன்மா, ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே அறுவுது.

– அண்ணா, என்னங்கண்ணா இப்பிடிச் சொல்றீங்க. அப்ப மொதத் தடவை ஏத்துனது இருக்குமில்ல? சத்தத்தோட இருந்தது?

– அதுதாங்க்கா என் தப்பு. சத்தம் எடுத்ததை அதே பேருலயே சேமிச்சுட்டன். புதுசு பழசு மேல ஏறிக்கிச்சு. பழசு இல்ல.

– அம்மா. ஏம்மா அந்த அறுந்த நாடாவை நீவிக்கிட்டிருக்கறே. பாட்டு இருக்குதும்மா. முன்னைவிட நல்லாக் கேக்குது. பாட்டுதானே வேணும்.

– பாட்டுதான் வேணும். ஆமா. நீ அதையே இன்னொருதரம் போடு சாமி. பழகிக்கோணுமில்ல.

– போடறன்மா. அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கே ஒன்னு உறுத்துது. நேத்து சத்தத்தோட கேட்டப்ப இருந்த கெட்டி, சுத்தம் பண்ணப்புறம் இல்ல. ஒரு சொரம் தப்பல. ஆனா காலு தரையில படாம தொங்கற மாதிரி இருக்குது. எதைத் தொட்டுக்கிட்டு பாடறாங்களோ, அதை நான் உருவிட்ட மாதிரி.

– எனக்கும் அப்பிடித்தானுங்கண்ணா இருக்குது. அம்மாகிட்டச் சொல்ல மனசில்லாம சும்மா இருந்தேன். கேக்கக் கேக்க, அவிய ஏதோ ஒன்னுக்குக் காத்துக்கிட்டே பாடற மாதிரி இருக்குது. அந்தச் சத்தத்தைத் திருப்பி எங்கயாவது புடிக்க முடியாதுங்களா?

– இருங்க. இருங்க்கா. பிரிக்கறப்ப இந்தக் கம்ப்யூட்டரு பாட்டை ஒரு பக்கமும் சத்தத்தை ஒரு பக்கமும் தனித்தனியாத்தான் தள்ளும். தள்ளுன சத்தத்தை நான் குப்பைன்னு பேரு போட்டு வப்பன். பொழுதோட ஒட்டுக்கா அழிச்சுருவன். இன்னைக்கு இன்னும் அழிக்கல.

– இருக்குதா சாமி?

– இருக்கும்மா. இந்தா. குப்பை. ஒரு பக்கம் பூரா அப்படியே இருக்குது. ஆனா இதுல பாட்டு இருக்காது, வெறும் இரைச்சல்தான். போடட்டுமா?

– போடு.

– வெறும் கம்ப்ரசரை எதுக்கும்மா கேக்கறே. ரெண்டையும் சேத்துட்டாச் சரியாப் போகுமில்ல?

– பொறந்ததுல இருந்து ரிக்குச் சத்தத்துல தூங்குனவ அம்மிணி நான். கேக்கறேன், வுடு.

– போட்டுட்டன்மா.

– ம். எங்கண்ணன் ரிக்குதான். அந்த இஞ்சினு கொஞ்சம் கரகரங்கும், அதேதான். சாமி, சத்தத்தை எச்சு பண்ணு. இன்னும். அம்மிணி, அந்தக் கதவைச் சாத்து, பஸ்ஸுச் சத்தம் உள்ள வருது.

– எதுக்கும்மா எந்திரிச்சுட்டே. உக்காரு.

– சம்மட்டி எங்க?

– என்னம்மா?

– போர் போடறப்பக் குழிக்குள்ள சம்மட்டி அடிக்கும் சாமி. ஹேமரும்பாங்க. தடதடன்னு பூமியே ஆடும். ரெண்டு தெரு தள்ளி நின்னாலும் காது அடைக்கும். வேலை நடந்துக்கிட்டிருக்கறப்பத்தான் அந்தம்மா பாடுச்சுன்னு அவிய சொன்னாங்க. இதுல சம்மட்டியே இல்லையே. நீ எடுத்ததுல எதாச்சும் தப்பிப் போச்சா?

– எதுவும் தப்பாதும்மா. பாட்டைத் தவிர அந்தக் கேசட்டுல இருந்த அத்தனையும் இதுக்குள்ளதான். சம்மட்டி அடிச்சிருந்தா இதுல கேக்கும்.

– அப்ப வேலை நடக்கலை. வெறும் கம்ப்ரசரு மட்டும் ஓடிருக்குது.

– ஓடட்டுமே. நிறுத்த மறந்திருப்பாங்க.

– ஆரு, உங்கப்பனா? அம்மிணி, உங்க மாமன் டீசல் விசயத்துல எப்பிடின்னு உனக்குத் தெரியும். வேலை இல்லாத நேரம் இஞ்சினு ஓடுச்சுன்னாக் கொன்னுபோடுவாரு. ராடு மாத்தற நேரத்துக்குக்கூட உங்கப்பன் மிஷினை நிறுத்திப்போடற ஆளு. "மச்சான் டீசலு, என்ற ரத்தம் மாதிரி"ம்பாங்க. கேசட்டு ஒரு பக்கம் பூரா சும்மா ஓடவுட்டாங்கன்னா, அது மறந்து ஓடுனதா?

– அம்மா, இன்னொன்னு. நான் சத்தத்தை எடுக்கறது ரொம்பச் சுளுவா இருந்துச்சு. ஏன்னா மொதக் கொஞ்ச நேரம் தவிர அது கோடு போட்ட மாதிரி ஒரே அளவுல நிக்குது. ஏறல, எறங்கல. கம்ப்ரசர்னா அப்படித்தான் இருக்குமா?

– இருக்காது சாமி. வேலை இல்லாம ஓடற கம்ப்ரசரு ஒரே மாதிரி கத்தாது. டேங்குல காத்து நெறைய நெறைய அதும் குரலு மாறும். மாறாம நிக்கோணும்னா, ஆரோ ஒருத்தன் வால்வு மேல கையை வெச்சுக்கிட்டு, காத்தை அளந்து அளந்து வெளிய வுட்டுக்கிட்டே நிக்கோணும். கையை எடுக்கக் கூடாது. கொதிக்கற இரும்பு அது.

– அண்ணா, பாட்டையும் சத்தத்தையும் ஒன்னா ஓடவுடுங்க. மொத இருந்து. அந்தம்மா ஆரம்பிக்கற எடம்.

– ஓடவுட்டன். இதோ, வாயைத் தொறக்கறாங்க. ஒரு சின்ன "ஆ". நிறுத்திட்டாங்க.

– இஞ்சினு ஏறுது.

– மறுபடி "ஆ".

– இஞ்சினு எறங்குதுங்கண்ணா. கொஞ்சமா. ஒரு நூலு.

– இன்னொரு "ஆ". அவ்வளவுதான். நின்னுருச்சு. ரெண்டும் ஒன்னாப் போய்க்கிச்சு. இப்பப் பாட ஆரம்பிக்கறாங்க. அம்மா, இது இரைச்சல் இல்லம்மா. இது தம்புரா. மூணு தடவையில சுருதி சேத்துருக்காங்க.

– அந்தம்மா முதுகுக்குப் பின்னால ஆரோ நின்னிருக்காங்க.

– ஆரும்மா? ஹெல்பர் பசங்களா?

– பசங்களாத்தான் இருக்கும். உங்கப்பன் வேப்பமரத்தடியில டேப்போட உக்காந்திருந்தேன்னுதானே சொன்னாங்க. எத்தனை தடவை சொன்னாங்க. ஆரு பெத்த புள்ளையோ, அத்தனை நேரம் சூட்டுல நின்னிருக்குது.

– அண்ணா, பாட்டை எடுத்துருங்க. குப்பையை மட்டும் போடுங்க. கொஞ்சம் தள்ளி. ஆ, அங்க. அது என்ன, உஸ்ஸுன்னு?

– காத்து வுடற சத்தம்தாங்க்கா. வால்வு.

– மறுக்கப் போடுங்க.

– போட்டன்.

– மறுக்க. இன்னும் தள்ளி அடுத்த எடத்துலயும் போடுங்க. அடுத்ததும்.

– எல்லா எடத்துலயும் அதே மாதிரிதாங்க்கா வருது. நீளமா ஒன்னு, அப்பறம் குட்டியா ஒன்னு.

– அம்மா.

– என்ன அம்மிணி.

– மூடுது. ஒரு மயிரளவு தொறக்குது. மறுக்க மூடுது. ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தாம்மா மூடுது. கேளு. குளிச்சுப்போட்டு வெளிய வாரப்ப நம்மூட்டுப் பாத்ரூம்ல கேக்குமே, அதேதான். வேப்பமரத்தடியில டேப்பு மட்டுந்தான் இருந்திருக்குது. அப்பா அங்க இல்லை.

– சாமி, அதை நிறுத்தாதே. ஓடட்டும்.

– ஓடுதும்மா. தண்ணி குடிக்கறீங்களா?

– வேண்டாம். பாரு, இத்தனை வருசம் அந்தம்மா குரலுக்குப் பக்கத்துலயே நின்னிருக்காங்க. பொறுத்துக்குங்கன்னு சொல்றப்பெல்லாம் வாயோரத்துல ஒரு சிரிப்பு வரும் அவியளுக்கு. பல்லு வலியாக்கும்னு நெனச்சுக்குவேன்.

– ஏம்மா அப்பா சொல்லவே இல்லை?

– எப்பிடிச் சொல்றது? எங்கண்ணன்கிட்டச் சொன்னா, எவளோ பாடறதுக்கு என்ற டீசலை எரிச்சியாம்பாரு. என்றகிட்டச் சொன்னா? பாடுனவ ஆருன்னு கேட்டே ஒரு மாசம் பேசாதவ. அவ பாடப் பாடக் கேசட்டு ஒரு பக்கம் பூரா சூட்டுல கையை வெச்சுக்கிட்டு நின்னேன்னு சொல்லியிருந்தா, நான் சும்மா வுட்டிருப்பனா? அதுக்குத்தான் மனுசன் தன்னையே மிஷின் சத்தமாக்கிக்கிட்டாங்க.

– அப்பா அந்தத் தடவை வந்தப்ப உள்ளங்கையில தோலு உரிஞ்சிருந்துச்சுன்னு நீ சொல்லுவியேம்மா.

– ஆமா. சைலன்சர் சுட்டுருச்சுன்னாங்க. நாந்தான் பேசாமயே வெண்ணெய் தடவுனேன்.

– அம்மா, ரெண்டையும் சேத்து ஒரே பாட்டா ஆக்கிடறன். பத்து நிமிசம். நாளைக்குக் காலையில நானே ஸ்பீக்கரைக் கொண்டாந்து கட்டறன், நீங்க வேற ஸ்பீக்கர்காரங்களைச் சொல்ல வேண்டாம். ஒன்னு மட்டும் சொல்லுங்க. அந்தச் சத்தத்தை எவ்வளவு வெக்கட்டும்? லேசா, பின்னால கேக்கற மாதிரியா?

– பாட்டு எவ்வளவோ அவ்வளவுங்கண்ணா. ஒரு நூலு கொறையக் கூடாது.

– ஏன் அம்மிணி, உன்ற மாமியார் ஊட்டு ஒறம்பரை மறுக்க ஜெனரேட்டரைத் தேடுவாங்களே.

– தேடட்டும்.

– தனபாலு வேற எந்திரிச்சுக் கையைக் கும்பிட்டுக்கிட்டு நிப்பான். வழக்கமாச்சே.

– அண்ணன் உக்காரட்டும்மா. என்ற ஊடு, நான் நிக்கறேன். நான் சொல்றேன்.

– என்னன்னு சொல்லுவே?

– "பாடறது கோதாபாய். சுருதி எங்கப்பா கருப்பண்ணன்"னு.

– சொல்லு. எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு. அன்பரசு சாமி, நீ நல்லா இருப்பே. உன்ற ஊட்டுல பாட்டு நிக்காம இருக்கட்டும், தண்ணி வத்தாம இருக்கட்டும். உனக்கு ரஞ்சிதாவும் ரஞ்சிதாவுக்கு நீயுமா, முதுகுக்குப் பின்னால ஒரு கை எப்பவும் புடிச்சுக்கிட்டு நிக்கட்டும். அது ஆரு கைன்னு, எனக்குத் தெரிஞ்ச மாதிரி போன பொறவு இல்லாம, இருக்கறப்பவே தெரியட்டும்.